இரண்டு சாம்பல், ஒரு சுவர்

வீட்டுக்குச் சாயம் தேர்ந்தெடுப்பது பற்றித் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியபோது, நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

புக்கிட் ரோத்தானில் அம்மா வீட்டு வரவேற்பறைக்குத் தீபாவளிக்கு முன் சாயம் பூச முடிவு செய்தோம். வண்ண அட்டையில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு வெளிர்சாம்பல் நிறங்கள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எதையாவது வாங்கிட்டு வா" என்றார் அம்மா. நானும் வாங்கினேன். இரவில் விளக்கைப் போட்டதும் சுவர் நீலம் பாய்ந்து தெரிந்தது. "துக்க வீடு மாதிரி இருக்கு" என்றார். மறுபடியும் செலவு, மறுபடியும் வேலை.

தவறு எங்கே? சாம்பல் நிறங்கள் பெரும்பாலானவற்றில் மஞ்சள், நீலம், பச்சை என ஏதாவது ஒரு சாயல் மறைந்திருக்கும். தனியாகப் பார்த்தால் பிடிபடாது. இரண்டையும் வெள்ளைத்தாள்மேல் அருகருகே வையுங்கள்; தெரிந்துவிடும்.

அடுத்தது விளக்கு. 6500 கெல்வின் வெள்ளை விளக்கு நீலச் சாயலைத் தூக்கிக் காட்டும். 2700 கெல்வின் விளக்கு மஞ்சளைக் கூட்டும். ஜன்னலுக்கு வெளியே செம்பனை நின்றால், இலையில் பட்ட வெளிச்சம் பச்சையையும் உள்ளே கொண்டுவரும்.

மூன்றாவது அக்கம்பக்கம். பாரிஸ் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுத் தலைவர் செவ்ரல், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறமே கண்ணை ஏமாற்றியது. 1839இல் இதை விளக்கி நூல் வெளியிட்டார். அம்மா வீட்டுத் தரை சிவப்பு. சிவப்பின் அருகில் சாம்பல் நீலப்பச்சையாகத்தான் தோன்றும்.

இன்னொன்று, ஒளியைத் திருப்பும் அளவு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. அமெரிக்காவின் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறங்களில் 'அக்ரீயபிள் கிரே' 60, 'ரிப்போஸ் கிரே' 58. வெளிச்சத்தில் ஏறக்குறைய இரட்டையர். ஆனால் முன்னது மணல் பக்கம் சாயும், பின்னது குளிர்ந்து நிற்கும். எண் மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம்.

ஆகவே, சிறிய டின் வாங்கிப் பெரிய அட்டையில் இரண்டு பூச்சுப் பூசுங்கள். தரையை ஒட்டியும், ஜன்னல் பக்கமும், எதிர்ச்சுவரிலும் மாற்றி வைத்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

இரண்டாம் முறை அட்டைகளை அம்மா கையிலேயே கொடுத்தேன். அந்த அறையில் நாள் முழுதும் இருப்பவர் அவர்தானே. மூன்று நாள் பார்த்துவிட்டு மஞ்சள் சாயல் உள்ளதைக் காட்டினார்: "இதுதான் நம்ம லயத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கு."