பின்சுவர் ஈரம்: பெயின்டுக்குப் போன சல்லி

பதுளையில் என் கடையும் வீடும் ஒரே கட்டடம். கீழே கடை, மேலே குடும்பம். மலையை வெட்டி எடுத்த நிலம் என்பதால் களஞ்சிய அறையின் பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் இடையில் மூன்று அடிதான் இருக்கும். ஒக்டோபர் மழை தொடங்கினால் அந்தச் சுவர் வியர்க்கும். மா, சீனி மூடைகளின் அடி கட்டியாகிவிடும். மூன்று வருடம் நீர்க்காப்புப் பெயின்ட் அடித்தேன். பிளாஸ்டரை உடைத்துத் திரும்பவும் பூசினேன். நான்காம் வருடம் வந்த மேசன் பாஸ் சுவரைத் தொட்டும் பார்க்கவில்லை. வெளியே போய் மண்திட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நானா, தண்ணி வாறது அந்தப் பக்கத்தால. நீங்க பெயின்ட் அடிக்கிறது இந்தப் பக்கத்தில" என்றார்.

அவர் சொன்னது சரி. மண்ணில் ஊறிய நீர் சுவருக்குள் புகுந்து உட்பக்கம் வரும்போது பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. எந்தப் பெயின்டும் அதைத் தாங்காது. அத்திவாரத்துக்குக் கீழே போகாமல், ஆனால் களஞ்சியத் தரையை விடத் தாழ்வாகச் சுவருக்குப் பின்னால் ஒரு கான் வெட்டினார். துளையிட்ட குழாய் வைத்து, உடைத்த கருங்கல் நிரப்பி, நீரை வீதிக் கானுக்கு இறக்கினார். கூரைப் பீலி நீர் அந்தத் திட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அதற்கும் தனிக் குழாய். மொத்தச் செலவு, நான் பெயின்டுக்குக் கொடுத்ததை விடக் குறைவு. முன்பக்கம் டைல்ஸ் பதிக்க யோசிக்காமல் சல்லி கொடுக்கும் நாம், கண்ணில் படாத கானுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம்.

தாங்குசுவரிலும் இதே தவறுதான். சுவருக்குப் பின்னால் 2 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அதன் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் சுமார் 2 தொன் விசை தள்ளும், மண்ணின் பாரம் தனி. நீர் வெளியேறும் குழாய்களை வைக்காமல் கட்டியவர்களும், வைத்ததை "அசிங்கமாக இருக்கிறது" என்று பூசி அடைத்தவர்களும் எங்கள் தெருவிலேயே உண்டு.

வெடிப்பு வேறு விஷயம். பாதி வெட்டிய நிலத்திலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும் வீட்டில், நிரப்பிய பக்கம் அமுங்கும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். அதன் இரு பக்கமும் ஒட்டும்படி மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தால் பதித்துத் திகதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அந்த நிலையில் வெடிப்பைப் பூசுவது வீண் செலவு.

நிலத்தடி நீர் வடிந்து போனாலும் நிலம் அமுங்கலாம். 2014 முடிவில் உமா ஓயா சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்த பிறகு பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடிப்பு விட்டன.

நிலத்திலேயே வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று புதிய ஊற்று, கலங்கிய நீர் என்றால் அது மேசன் பாஸின் வேலையல்ல. குடும்பத்தோடு வெளியேறிவிட வேண்டும். கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆனால் லயக் காம்பராவில் இருப்பவருக்குப் போக வேறு காணி ஏது? சொந்தக் காணி உள்ள நமக்கு அந்தச் சாக்கு இல்லை. மலையை வெட்டுமுன் அந்த நிறுவனத்தின் பதுளை அலுவலகத்தில் காணியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.