நூற்பகுப்பில் ‘பிற’ என்னும் நிரல்

உமணர் எனப்பெறும் உப்பு வாணிகரின் வண்டித் தொடரையும், அவர்தம் மகளிர் தெருவில் விலைகூறும் குரலையும் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள குயிலாப்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே மேலும் வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டில் 1985-இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக் கழகத்தையும், அதனைக் கடந்து மரக்காணத்து உப்பளங்களையும் காண்பர். இக்கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து பட்டமேற்படிப்புக்கு வரும் மாணவர் ஒருவர், தம் மக்களின் தொழிலைப் பற்றித் தமிழில் யாது உளது எனப் பல்கலைக் கழக நூல்நிலையம் ஒன்றில் தேடுகின்றார் எனக் கொள்வோம். உமணரைப் பாடிய அகப்பாட்டு அவருக்கு எளிதிற் கிட்டும். உப்பு வாரும் பெண் பாடும் பாட்டு யாண்டுக் கிட்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா.

மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்புமுறை நம் நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றில் இன்றும் வழங்குகின்றது. அதில் 800 முதலான நூறு எண்கள் இலக்கியத்துக்கு உரியன. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, செருமானியத்துக்கு 830 என மேலை இலக்கியங்களுக்குப் பப்பத்து எண்கள் வகுக்கப்பெற்றன. எஞ்சிய உலக இலக்கியம் அனைத்தும் 890 என்னும் ‘பிற’ நிரலுள் அடங்கிற்று. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிலக்கியம் 894.811 என்னும் நீண்ட எண்ணைப் பெற்றது இதனாலேயே. சமயப் பிரிவிலும் கிறித்தவத்துக்குப் பெரும்பகுதி போக, ஏனைச் சமயங்களுக்கெல்லாம் 290 ஒன்றே எஞ்சிற்று. நூலின் முதுகில் ஒட்டிய சிறு தாளில் இத்துணைச் செய்தி உண்டு.

இக்குறையை மாற்ற முயன்றவர் தமிழ்நாட்டவரே என்பது நாம் பெருமையுறத்தக்கது. சீர்காழியிற் பிறந்து கணிதம் கற்பித்து வந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். அவர் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் மொழிகள் குடும்ப முறையில் நிற்கின்றன. திராவிட மொழிகளுக்கு 3 என்பதும் தமிழுக்கு 31 என்பதும் குறியெண்கள். அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டாவது, படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது. மூன்றாவது அதன் மறுதலை: நூல் ஒவ்வொன்றும் தன்னைப் படிப்பவரை அடைதல் வேண்டும். மூன்றாவதனை நாம் போதிய அளவு போற்றியதில்லை என்பது எம் கருத்து.

டூயி தமிழுக்குச் செய்ததனை நாம் தமிழுக்குள்ளேயே செய்து வருகின்றோம். உமணரைப் பற்றிய சங்கப் பாட்டு 894.811-இல் இலக்கியமாக நிற்கின்றது. உப்பளத்துப் பெண்ணின் பாட்டு அச்சேறினால், 398 என்னும் நாட்டார் வழக்காற்று எண்ணைப் பெற்றுச் சமூகவியல் நூல்களோடு போய்ச் சேர்கின்றது. பாடுபொருள் ஒன்று, நெய்தல் நிலம் ஒன்று, நிரல்கள் மட்டும் இரண்டு. தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1958-இல் ‘மலையருவி’ என்னும் நாட்டுப்பாடல் தொகுதியை வெளியிட்டது. சுவடிகளுக்கெனவே புகழ்பெற்ற நிலையம் வாய்மொழிப் பாட்டுக்கு இடமளித்த அச்செயலை, பிற நூல்நிலையங்கள் தம் நிரலமைப்பில் பின்பற்றியிருக்கலாம்.

நிரலில் ஏறாமலே போனவற்றின் செய்தி இதனினும் இரங்கத்தக்கது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் கிழமை இதழைத் தொடங்கி, 1914-இல் தாம் மறையும்வரை நடத்தினார். அவர் குறளுக்கு உரை வகுத்தார். பௌத்தத்தையும் தமிழிலக்கிய வரலாற்றையும் புதுநோக்கில் ஆராய்ந்தார். அவர் முடிபுகளை ஏற்பதும் மறுப்பதும் ஆராய்வோர் உரிமை. ஆயின் ஆராய்தற்கு நூல் கைக்கு வருதல் வேண்டும் அன்றோ? ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவர்தம் எழுத்துக்கள் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியிலிருந்து வெளிவந்தது 1999-இல். இடைப்பட்ட 85 ஆண்டுகளில் எழுதப்பெற்ற இலக்கிய வரலாறுகள் அவரைப் பெரும்பாலும் பேசாமையின் காரணத்தை நூல்நிலையங்களின் வாயிலிலும் தேடலாம்.

தகுதி நோக்கியே நூல் வாங்குதல் வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்தால் நிலையம் குப்பைமேடாகும் என்பார் உளர். தகுதியை எக்காலத்தவர் அளப்பது என்பதே எம் ஐயம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அக்காலத்து இலக்கிய அளவுகோலால் ஒன்றுமில்லாதது. இன்று உரைநடை வரலாற்றுக்கும் நாட்டு வரலாற்றுக்கும் இன்றியமையாச் சான்று. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்நிலையங்கள் ஒதுக்கிய சிறுநூல்களையும் நாடக அறிக்கைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்தார். அவர் 1992-இல் மறைந்தபின் 1994-இல் சிகாகோப் பல்கலைக் கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்கிற்று. அஃது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றமை நம் நற்பேறு.

ஒரு நூலை ஈரிடத்து வைத்தல் இயலாது. ஆயினும் நூற்பட்டியலில் பல இடத்தும் குறிக்கலாம். அரங்கநாதன் 1934-இல் வெளியிட்ட பட்டியல் விதிநூல் இத்தகைய மாட்டேற்றுக் குறிப்புக்களுக்கு இடம் வகுத்துள்ளது. இராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய புதினம். ஆசிரியர் பெயரை அறியாத மாணவர்க்குப் புதின நிரலில் அது கிட்டாது. ‘உப்பளம்’ என்னும் பொருட்குறிப்பு ஒன்றை எழுதிவைத்தால், அதுவும் உமணர் பாட்டும் நாட்டுப்பாடலும் ஒருங்கே அவர் முன் நிற்கும். இதற்கு வேண்டுவது பொருளன்று. தமிழ்த்துறையார் ஒருவர் நூலகரோடு சில நாள் அமர்தலே போதும்.

பார்வையற்ற மாணவர்க்கு இவ்வுதவியும் போதாது. பழந்தமிழ் நூல்கள் கணிப்பொறியில் படங்களாகவே ஏற்றப்பெறுமாயின், எழுத்தை ஒலியாக்கும் கருவிக்கு அவை வெற்றுத்தாளே. ஒருங்குறி எழுத்தாக ஏற்றுதல் வேண்டும். இத்தகையோர்க்கு ஏற்ற படிகளைச் செய்தற்கு 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இடந்தருகின்றது. 2013-இல் உருவான மராகேசு உடன்படிக்கையையும் முதற்கண் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியாவே.

களப்பணி செய்யும் நம் மாணவர்க்கும் ஒரு சொல். நாட்டுப்பாடற் பதிவுகள் தொகுத்தார் பெயராலேயே பட்டியலில் ஏறுகின்றன. பாடினார் பெயர் பின்னிணைப்பிலும் காணப்பெறாமை உண்டு. பாடியவர் இசைந்து பெயர் தருவாராயின், மரக்காணத்து உப்பளத்திற் பதிவுசெய்த பாட்டினைப் பாடியவர் பெயராலேயே முதற்குறிப்பாக எழுதி, தொகுத்தார் பெயரை அதன்கீழ் அமைத்து நூல்நிலையத்துக்கு அளித்தல் வேண்டும்.