பாதிப் படத்தில் பாதை மாறினால்

செம்பூரை அடுத்த தேவ்னாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தில், ஊடகக் கல்வி பயிலும் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஆவணப் படம் எடுப்பது வழக்கம். பாதி எடுத்தபின் கருத்து மாறினால் பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை. இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு.

ராபர்ட் பிளாஹர்ட்டி கனடாவின் வடகோடியில் எடுத்த சுமார் 30,000 அடிப் படச்சுருள், 1916-ல் அவருடைய சிகரெட் நெருப்பிலேயே எரிந்துபோயிற்று. மிஞ்சிய பிரதியைப் பார்த்தவர், அது வெறும் பயணக் காட்சிக் கோவையே என்று உணர்ந்தார். மீண்டும் சென்று, ஒரு குடும்பத்தையே நடுவில் வைத்துப் படமெடுத்தார். 1922-ல் வெளிவந்த ‘நானூக்’ உலகப் புகழ் பெற்றது. (அந்தக் குடும்பமே படத்திற்கென்று சேர்க்கப்பட்டது என்பது வேறு கதை!)

ஆனால் அவர் தனி மனிதர். குழுவிலோ, இயக்குபவர் மனம் மாறினால் ஒளிப்பதிவு செய்தவரின் உழைப்பும் வீணாகும். எடுத்தவற்றை அனைவரும் ஒருங்கே அமர்ந்து பார்த்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

படத்தில் தோன்றியவரையும் மறக்கலாகாது. 1927-ல் தொடங்கிய தேவ்னார் குப்பைமேட்டின் புகையைப் பற்றிப் பேச இசைந்த ஒரு தாய், தம் வீட்டு வறுமையைக் காட்ட இசைந்தவர் ஆகார். கதை மாறினால் அவர் வாசலுக்கு மறுபடியும் சென்று கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அக்காட்சியை நீக்கிவிட வேண்டும்.