19 அடி கார், 60 நாள் கெடு: எழுபதுகளின் அமெரிக்கப் பெரிய காரை வாங்கும் முன்



அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம சப்ஸ்கிரைபர்கள் வழக்கமா கேட்கிறது, 401-கே பணத்தை என்ன செய்றது, என்ஆர்இ அக்கவுண்ட்ல எவ்வளவு வைக்கலாம் மாதிரியான கேள்விகள்தான். இந்த முறை டல்லாஸ்ல இருந்து ஒரு தம்பி வேற ஒண்ணு கேட்டிருந்தார். "அண்ணா, 1974 செவர்லே இம்பாலா, நாலு கதவு, 6,000 டாலருக்கு வருது. இப்போ ஓடாது. ரெஸ்டோர் பண்ணினா நல்ல விலைக்குப் போகும்னு சொல்றாங்க. இது முதலீடா, செலவா?"

செலவு. அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா தெரிஞ்சு, அளவு வெச்சு செய்ற செலவு தப்பு கிடையாது. ஐபோனுக்கும் பாலி டிரிப்புக்கும் யாரும் ரிட்டர்ன் கணக்குப் போடுறதில்லையே! பிரச்சினை எங்கன்னா, செலவை முதலீடுன்னு நம்பி பணத்தைப் போட்டுக்கிட்டே போறதுலதான். அதனால எந்தக் காரை எடுக்கலாம், எதை எந்த வரிசையில் சரி பண்ணலாம், பணம் எங்கே கரையுது எல்லாத்தையும் பார்த்துடலாம்.

முதல்ல அளவைப் புரிஞ்சுக்கணும். அமெரிக்காவில் "ஃபுல் சைஸ்"னு சொன்னா அது நிஜமாவே ஃபுல் சைஸ். செவர்லே இம்பாலா, கேப்ரிஸ், ஃபோர்டு எல்டிடி, ப்ளைமவுத் ஃப்யூரி, பியூக் எலெக்ட்ரா, லிங்கன் கான்டினென்டல், காடிலாக் டிவில் எல்லாம் இந்த வகை. 1975 பியூக் எலெக்ட்ராவின் நீளம் 233 அங்குலம், அதாவது 19 அடிக்கும் மேல. நம்ம ஊர் ஸ்விஃப்ட் ஒண்ணரை நிறுத்தினா வர்ற நீளம். அங்கே பல வீடுகளில் கராஜ் ஆழமே 20 அடிதான். டேப் எடுத்து அளக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. மைலேஜ் கேட்டீங்கன்னா, கேலனுக்கு 10-12 மைல் கிடைச்சா சந்தோஷப்பட்டுக்கணும். நம்ம கணக்கில் லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர்.

"பழைய கார், விலை ஏறத்தானே செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1976-ல காடிலாக் நிறுவனம் தன்னோட எல்டோராடோ கன்வெர்ட்டிபிளை அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள்னு சொல்லி வித்தது. மொத்தம் 14,000 கார். கடைசி 200 காரை வெள்ளை நிறத்தில், சிவப்பும் நீலமும் கோடு போட்டு ஒரே மாதிரி செய்தாங்க. இனிமே வராது, விலை எங்கேயோ போகப்போகுதுன்னு நிறைய பேர் வாங்கி, ஓட்டாம பூட்டி வெச்சாங்க. 1984 மாடலா காடிலாக்கே திரும்ப எல்டோராடோ கன்வெர்ட்டிபிளைக் கொண்டு வந்துடுச்சு. ஏமாத்திட்டாங்கன்னு பழைய ஓனர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, ஒண்ணும் நடக்கலை. அபூர்வமான காரை, புத்தம் புதுசா வாங்கி, பத்திரமா வெச்சவங்க கதையே இது. நம்ம தம்பி பார்க்கிறது ஓடாத நாலு கதவு இம்பாலா. லட்சக்கணக்கில் செய்து வித்த மாடல்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. ஊருக்கு ஊர் மாறும், நீங்க உங்க கொட்டேஷனை வெச்சு மாத்திக்கோங்க.

கார் 6,000 டாலர். டிரக்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவர 1,200. என்ஜின், பிரேக், ரேடியேட்டர், டயர் வேலை 5,000. டிங்கரிங், பெயின்ட் 15,000. சீட், உள் வேலை 5,000. பம்பருக்கும் மத்த பளபள ஐட்டங்களுக்கும் குரோம் முலாம் 4,000. கூட்டினா 36,200 டாலர். முடிச்ச காரை வித்தா 14,000 வருதுன்னு வெச்சுக்கலாம். 22,200 டாலர் போச்சு. உங்க சனி, ஞாயிறுக்கு நான் இன்னும் விலையே போடலை.

இதுல கவனிக்க வேண்டியது, பெயின்ட் அடிக்கிறவர் உங்க காரோட மார்க்கெட் விலையைப் பார்த்து கூலி வாங்குறதில்லை. ஒரு விலை உயர்ந்த கார்வெட்டுக்கும் அதே மணிக்கூலிதான், நாலு கதவு இம்பாலாவுக்கும் அதே மணிக்கூலிதான். சொல்லப்போனா இம்பாலாவில் தகடு அதிகம், அதனால மணியும் அதிகம். செலவு காரோட அளவைப் பொறுத்தது, விற்கும் விலை மத்தவங்க ஆசையைப் பொறுத்தது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் உங்க நஷ்டம்.

அதனால என் கருத்து: ஏற்கெனவே ஒருத்தர் அந்த நஷ்டத்தைப் பட்டு முடிச்ச காரை வாங்குங்க. நல்ல பாடி, நல்ல சீட், ஓடுற என்ஜின் இருக்கிற காரை 13,000-க்கு வாங்கி 3,000 செலவு பண்றது, 6,000-க்கு வாங்கி 30,000 செலவு பண்றதைவிட எந்தக் கணக்கிலும் மேல். "மலிவான கார்" என்பது இந்த உலகத்தில் பெரும்பாலும் விலை கூடின கார்.

எந்த வருஷ மாடல்? இங்கே கொஞ்சம் நிதானமா பார்க்கணும், ஏன்னா எழுபதுகளின் ஆரம்பமும் முடிவும் ரெண்டு வேற உலகம். 1971-ல ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக என்ஜின் கம்ப்ரெஷனைக் குறைச்சது. 1972-லிருந்து குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. அதுவரை வெறும் என்ஜினை வெச்சு அளந்தாங்க, அப்புறம் கார்ல இருக்கிற மாதிரி சைலன்ஸர், ஃபேன் எல்லாம் மாட்டி அளந்தாங்க. 1973-லிருந்து விதிமுறைப்படி கனமான பம்பர்கள் வந்தன. அதே வருஷம் அக்டோபரில் எண்ணெய்த் தடை. 1975-ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். விளைவு, 1970-ல 400 குதிரைத்திறன்னு விளம்பரம் பண்ணின அதே 8.2 லிட்டர் எல்டோராடோ என்ஜின், 1976-ல 190. இதுல ஒரு பகுதி அளவுமுறை மாற்றம்தான், முழுக்க வீழ்ச்சி இல்லை. விற்கிறவர் 1970-களின் தொடக்க கார்களின் "ஹார்ஸ்பவர்" பத்தி பேசும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நீங்க கலிஃபோர்னியாவில் இருந்தாலோ, போக வாய்ப்பு இருந்தாலோ ஒரு விஷயம் முக்கியம். அங்கே 1975 வரைக்குமான பெட்ரோல் கார்களுக்கு புகைப் பரிசோதனை கிடையாது, 1976-லிருந்து உண்டு. ஒரே ஒரு வருஷ வித்தியாசம், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை தலைவலி. ஐம்பது வருஷப் பழைய உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தேடி அலையறது இனிமையான அனுபவமா இருக்காது.

பெரிய காரும் வேணும், கொஞ்சம் நடைமுறையாவும் இருக்கணும்னா 1977-79 கேப்ரிஸைப் பாருங்க. 1977-ல ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் கார்களை ஏறக்குறைய 10 அங்குலம் குறைச்சு, எடையையும் குறைச்சது. உள்ளே இடம் குறையலை. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அந்த வருஷத்தோட சிறந்த கார்னு கேப்ரிஸைத்தான் தேர்ந்தெடுத்தது. "அது நிஜமான பெரிய கார் இல்லை"ன்னு சிலர் மூக்கைச் சுளிப்பாங்க. கராஜ் கதவு மூடுறது முக்கியமா, அவங்க மூக்கு முக்கியமா?

கார் பார்க்கப் போறீங்க. என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீங்க. செவர்லே 350, ஃபோர்டு 460, கிரைஸ்லர் 440 மாதிரி என்ஜின்களுக்கு இன்னிக்கும் பாகம் கிடைக்குது, வேலை தெரிஞ்ச மெக்கானிக்கும் கிடைக்கிறார். கிடைக்காதது பாடி. மஸ்டாங், கமாரோவுக்கு தகடு முழுக்க புதுசா செய்து விக்கிறாங்க. இந்தப் பெரிய கார்களுக்கு, அதுவும் நாலு கதவு மாடலுக்கு, அப்படி ரொம்பக் குறைவு. ஒரு அலங்காரப் பட்டை உடைஞ்சிருந்தா அதே மாடல் பழைய காரைத் தேடி யார்டு யார்டா போகணும். அதனால ஒரு பாகம்கூட குறையாத காரா பாருங்க. "அந்த ஒரு பீஸ்தான் இல்லை, ஈஸியா கிடைக்கும்"னு விற்கிறவர் சொன்னா, அவ்வளவு ஈஸின்னா அவரே ஏன் வாங்கி மாட்டலைன்னு யோசிங்க.

துருவை எங்கே தேடணும்? கூரை மேல வினைல் ஒட்டியிருந்தா முதல் சந்தேகம் அங்கேதான். அதுக்கு அடியில் தண்ணி தங்கி, வெளியே தெரியாம தகடு அரிச்சிருக்கும். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கி தரை, கார்பெட்டுக்கு அடியில் கால் வைக்கிற இடம், பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற பக்கவாட்டுத் தகடு எல்லாத்தையும் பாருங்க. ஒரு சின்ன காந்தம் கையில் வெச்சுக்கோங்க. பட்டி பூசி மறைச்ச இடத்தில் ஒட்டாது. கீழே படுத்து சேஸிஸைப் பார்க்கிறது கட்டாயம். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு பெரிய கார்களில் பாடி தனி, சேஸிஸ் தனி. கிரைஸ்லர் கார்களில் ரெண்டும் ஒண்ணா சேர்ந்தது, அங்கே அடியில் துரு பிடிச்சா காரின் எலும்பே போச்சுன்னு அர்த்தம். சாலையில் உப்பு கொட்டுற மிச்சிகன், ஒஹையோ பக்கத்துக் காரைவிட அரிசோனா கார் மேல். வெயிலில் டேஷ்போர்டு வெடிச்சிருக்கும், சீட் கிழிஞ்சிருக்கும். பரவாயில்லை, சீட் தைக்கலாம்.

வாங்கியாச்சு. இப்போதான் பெரும்பாலானவங்க காரைப் பிரிச்சுப் போடுவாங்க. செய்யாதீங்க. கார் எப்பவும் ஓடுற நிலையிலேயே இருக்கணும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. முதல்ல பிரேக், பிரேக் ஹோஸ். அப்புறம் பெட்ரோல் லைன்: இப்போ வர்ற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கு, பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, கசிஞ்சா தீ. டேங்க்கைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க. டயர் பார்க்க புதுசா இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்க எண்ணைப் படிங்க. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நாலு இலக்கமே இல்லாம மூணு இருந்தா அது 2000-க்கு முந்தின டயர், வீட்டு வாசல் தாண்ட வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின்கள் பலவற்றில் டைமிங் கியரின் பல்லில் நைலான் பூசியிருக்கும். வயசாகி உதிர்ந்து, ஆயில் போற வழியை அடைக்கும். அதை உலோகத்துக்கு மாத்துற செலவு, என்ஜினை இழக்கிற செலவுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. இதெல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் ஓட்டின பிறகு பெயின்ட் பத்தி யோசிங்க. அப்பவும் வேணும்னு தோணினா.

பேப்பர் விஷயம் சுருக்கமா. டைட்டில் விற்கிறவர் பேர்ல இருக்கணும். 1981-க்கு முன்னாடி 17 இலக்க எண் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 13 இலக்கம், 1972-லிருந்து அதில் ஐந்தாவது எழுத்து எந்த என்ஜினோடு வந்ததுன்னு சொல்லும். இன்ஷூரன்ஸில் "அக்ரீட் வேல்யூ" பாலிசி கேளுங்க, அதாவது முன்கூட்டியே பேசி ஒத்துக்கிட்ட தொகை. சாதாரண பாலிசியில் இது வெறும் 50 வருஷப் பழைய கார்தான். வரியில், லாபத்துக்கு வித்தா அமெரிக்காவில் வரி உண்டு. சொந்த உபயோகக் காரை நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. எல்லா பில்லையும் பத்திரமா வைங்க.

கடைசியா, அந்தத் தம்பி கேட்காத கேள்வி. அவர் இருக்கிறது எச்-1பி விசாவில். வேலை போனா அடுத்த ஸ்பான்சரைத் தேடவோ கிளம்பவோ கிடைக்கிற அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஓடுற, பேப்பர் சரியா இருக்கிற இம்பாலாவை 60 நாளில் வித்துடலாம், கொஞ்சம் விலை குறைச்சாலும். என்ஜின் ஒரு ஷெட்டில், கதவு இன்னொரு ஷெட்டில், நட்டு போல்ட்டெல்லாம் டப்பாவில் இருக்கிற காரை யார் வாங்குவாங்க? போட்ட பணத்தில் கால்வாசி வந்தாலே அதிர்ஷ்டம். முடிக்காத ரெஸ்டரேஷனை விட விற்க கஷ்டமான பொருள் குறைவு.

அதனால அவருக்கு நான் எழுதின பதில் இது. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கணும், அதை இந்தக் கார் தொடக்கூடாது. லோன், கிரெடிட் கார்டு ரெண்டும் கூடாது. மாசம் ஒரு தொகையை "கார்"னு பேர் போட்ட தனி அக்கவுண்ட்டில் போடுங்க, அதில் இருக்கிற அளவுக்குத்தான் வேலை நடக்கணும். 6,000 டாலர் இம்பாலாவை விட்டுடுங்க. அதே பணத்தோட இன்னும் ஒரு வருஷம் சேர்த்து, ஓடுற காரா தேடுங்க. போகும்போது டேப்பும் காந்தமும் மறக்காதீங்க.