ஜோன் கிளாட்ஸ்ரன்: ஒரு வணிகக் குடும்பத்தின் மூலதனம்

பெருவணிகரின் வரலாறுகள் செல்வத்தை முயற்சியின் பயனாகவே காட்டுவதுண்டு. 1764இல் லீத்தில் பிறந்து லிவர்பூலில் தானிய வணிகராக உயர்ந்த ஜோன் கிளாட்ஸ்ரனை நாம் இங்கு நோக்கலாம். இன்றைய கயானாவின் பகுதியான டெமராராவில், கரும்புத் தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் அவர் உடைமையாளர். 1823இன் அடிமைக் கிளர்ச்சி அவரது 'சக்சஸ்' தோட்டத்திலேயே தொடங்கிற்று. தந்தையின் தோட்ட நிருவாகத்தை 1833இல் பாராளுமன்றத்தில் நியாயப்படுத்திய மகன் வில்லியம், பின்னர் நான்குமுறை பிரதமரானார்.

அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, 2,500 பேரளவினரை இழந்தமைக்கு நட்டஈடாக 1,00,000 பவுணுக்கு மேல் பெற்றவர் தந்தையே, உழைத்தோருக்கு எதுவுமில்லை. 1836இல் அவர் கல்கத்தா முகவர்க்கு எழுதிய கடிதத்தின் விளைவாக, 1838இல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் டெமராரா சேர்ந்தனர். உழைப்பாளர் மாறினர், உடைமை உறவு மாறவில்லை.

2023இல் வழித்தோன்றல்கள் கயானாவில் மன்னிப்புக் கோரினர். ஆயினும், குடும்பத்தின் மனச்சாட்சியை அன்றி, அச்செல்வத்தை ஆக்கிய உழைப்பையே நாம் ஆய்வின் மையமாகக் கொள்ளல் வேண்டும்.