மூடியில் ஒரு மயிரிழை

எறும்பு வளர்ப்பவர் வீட்டில் விபத்து சத்தமில்லாமல்தான் நடக்கும். கண்ணாடிப் பெட்டியின் மூடி ஒரு மயிரிழை விலகியிருக்கும். அந்த வழியாக ஒரே ஒரு வேலைக்கார எறும்பு வெளியே வந்து, மேசையெல்லாம் அலைந்து, டீ டம்ளர் வைத்த இடத்தில் காய்ந்துபோன சர்க்கரை வளையத்தைக் கண்டுபிடிக்கும். திரும்பும்போது வயிற்று நுனியை மேசையில் தொட்டுத் தொட்டு வாசனைக்கோடு போட்டுக்கொண்டே போகும். விடிந்து பார்த்தால் ஊர்வலம்.

நாம் எறும்பை வீட்டைவிட்டு விரட்டப் படாதபாடு படுகிறோம். அதைக் காசு கொடுத்து வாங்கி அடைத்துவைக்கிறவர்களும் உலகில் நிறையப் பேர். கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த சோதனைக் குழாய்களில் சட்டவிரோதமாக வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு 2025 மே மாதம் நீதிமன்றம் அபராதம் விதித்தது.

ஆசை பழையது. எறும்புகள் பற்றி 1882-இல் புத்தகம் எழுதிய ஆங்கிலேயர் சர் ஜான் லப்பக், கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்புகளை வளர்த்தார். ஒரு ராணி அவரிடம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தது. கூட்டைச் சுற்றி அவர் தண்ணீர் அகழி வைத்தார். பலகார டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் பாட்டிகளின் உத்திதான், ஆனால் தலைகீழாக!

இப்போது அகழிக்குப் பதில் வழுக்கல். டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பெட்டியின் மேல் விளிம்பில் உள்பக்கமாகப் பூசுவார்கள். ஆல்கஹால் ஆவியானதும் பவுடர் மட்டும் நிற்கும். ஏறும் எறும்பின் காலோடு அது உதிர்ந்துவர, எறும்பும் கீழே விழும். நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் டெஃப்லானின் திரவ வடிவத்தையும் பூசுவதுண்டு. பவுடருக்கு ஈரம் எமன். நீராவி படிந்தால் வேலி போயிற்று. சுவரில் சாய்ந்த ஒரு குச்சி போதும், அது ஏணியாகிவிடும்.

தப்பிவிட்டால்? நசுக்கக் கூடாது, நசுங்கும் எறும்பிலிருந்து கிளம்பும் அபாய வாசனை மற்றவற்றைக் கலவரப்படுத்தும். மருந்து அடிக்கவே கூடாது. அதன் மிச்சம் பெட்டிக்குள்ளும் போகும். வரிசையைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் ஓட்டை தெரியும். அதைப் பஞ்சால் அடைத்துவிட்டு, வெளியே நிற்பவற்றை மெல்லிய ஓவியத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே விட வேண்டும். கடைசியில் சோப்புத் தண்ணீரால் மேசையைத் துடைத்தால் கோடு அழியும்.

கூட்டமே வெளியேறியிருந்தால் துரத்திப் பயனில்லை. பாதித் தண்ணீரும் பஞ்சும் வைத்த சோதனைக் குழாயை அலுமினியத் தாளால் சுற்றி அருகே வைத்துவிட்டு, அவை பதுங்கியிருக்கும் இடத்தில் விளக்கைப் போட வேண்டும். இருட்டும் ஈரமும் கிடைத்த இடத்துக்கு அவை பெரும்பாலும் தாமாகவே குஞ்சு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு குடிபோகும். சொல்லப்போனால் பழைய கூட்டில் தண்ணீர் வற்றியதோ பூஞ்சை பிடித்ததோதான் பல வேளை ஓட்டத்துக்குக் காரணம்.

ராணி உள்ளே இருந்தால், வெளியே திரியும் பத்திருபது வேலைக்காரிகளால் பெரும்பாலான இனங்களில் புதுக்குடி தொடங்க முடியாது. ஃபாரோ எறும்பு விதிவிலக்கு. 2 மில்லிமீட்டர் உடம்பு, ஒரே கூட்டில் பல ராணிகள். மருந்து அடித்தால் கூட்டம் துண்டு துண்டாகப் பிரிந்து, சுவருக்குள் பல கூடுகளாகப் பெருகும்.