நோயாளியைப் பேணுபவர் தம்மையும் பேண வேண்டும்

புற்றுநோய் ஒருவரின் உடலில் தோன்றினாலும் அதன் பாரம் அவ்வீட்டில் உள்ள மற்றொருவரின் தோளிலும் ஏறிவிடுகிறது. மருந்தை நேரம் தவறாமல் தருபவர், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர், இரவில் விழித்திருப்பவர், கட்டணச் சீட்டுகளைக் காத்து வைப்பவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவராகவே இருக்கிறார். மனைவி, மகள், மருமகள், சில வீடுகளில் கணவர் அல்லது மகன் என அந்த ஒருவர் யாராக இருப்பினும், "உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?" என்று அவரிடம் கேட்பவர் அரிது. நோயாளிக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் ஏராளம். அவரைப் பேணுபவருக்குச் சொல்லப்பட வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கேரளத்தின் எல்லைப்புறத்தில் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு இப்பொருள் கூடுதலாகப் பொருந்தும். மூணாறு, மறையூர், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளில் தேயிலை, ஏலத் தோட்டங்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்கிருந்து சிலர் போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குகின்றனர். சிலர் மறையூர், உடுமலை வழியாகக் கோவைக்குச் செல்கின்றனர். வேறு சிலர் கோட்டயத்திற்கும் எர்ணாகுளத்திற்கும், 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும் போகின்றனர். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் மக்களுக்குக் கோவை அருகில் இருப்பினும் அலைச்சல் இல்லாமல் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் சில வாரங்கள் தொடரும். மருந்தேற்றும் சிகிச்சை பல சமயம் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல மாதங்கள் நீளும். தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர் துணைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி இழக்கும் நாளாகிறது. அலைச்சல், வருமான இழப்பு, உறக்கக் குறைவு ஆகிய மூன்றும் பேணுபவர் ஒருவரிடமே வந்து சேர்கின்றன.

பேணுதல் வேறு, நைந்துபோதல் வேறு

அமெரிக்காவில் முதியோரிடையே நடத்தப்பட்டு 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. நலம் குன்றிய கணவரையோ மனைவியையோ கவனித்துக்கொண்டு, அதனால் தாமும் உடலும் மனமும் நொந்துபோனவர்கள், அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் நான்காண்டுக் காலத்தில் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு மிகுதி என்று அது கண்டறிந்தது. பேணும் பொறுப்பு இருந்தும் அவ்வாறு நொந்துபோகாதவர்களிடம் இந்த மிகுதி காணப்படவில்லை. எனவே தீங்கு செய்வது பேணும் பணியன்று. ஓய்வும் துணையும் இன்றி அப்பணியைச் சுமப்பதே தீங்கு செய்கிறது என்று நாம் கொள்ளலாம்.

தம்மைக் கவனித்துக்கொள்வது தன்னலம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "அவர் வலியில் துடிக்கும்போது நான் எப்படி வயிறார உண்பது?" என்று நினைப்பவர் பலர். ஆனால் பேணுபவர் படுத்துவிட்டால் அடுத்த தவணைச் சிகிச்சைக்கு நோயாளியை அழைத்துச் செல்வது யார்? அவர் உண்ணும் உணவும் உறங்கும் உறக்கமும் நோயாளியின் சிகிச்சையில் ஒரு பகுதியே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

களைப்பு ஒரே நாளில் வருவதில்லை. படுத்தும் உறக்கம் வராமை, பசியின்மை, சிறு சொல்லுக்கும் சினம் கொள்ளுதல், அடிக்கடி தலைவலி, முதுகுவலி, எதிலும் நாட்டமின்மை ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். தமக்குரிய இரத்த அழுத்த மாத்திரையையோ நீரிழிவு மருந்தையோ உண்ண மறப்பதும், தம் பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவதும் இன்னும் தெளிவான அடையாளங்கள். மனச்சோர்வோ, அழுகையோ, எதிலும் பற்றின்மையோ பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். "நான் இல்லாமல் போனால் நன்று" என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாளும் காத்திருத்தல் கூடாது.

மனநலத்திற்கென 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேச இயலும். கேரள அரசின் திசா உதவி எண் 1056.

வேலையைப் பங்கிடுதல்

உறவினரும் அண்டை வீட்டாரும் "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கூறிச் செல்வர். கேட்கத் தயங்கி நாமும் பேசாதிருப்போம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. மருந்து வாங்குதல், அடுத்த சந்திப்பு நாளை உறுதி செய்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், சமையல், காப்பீட்டுத் தாள்கள், நோயாளியின் அருகில் அமர்ந்திருத்தல் எனப் பட்டியல் நீளும். அவற்றுள் நோயாளியின் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியவை எவை, தொலைவிலிருந்தே செய்யக்கூடியவை எவை எனப் பிரித்துவிடுக.

திருப்பூரிலோ கோவையிலோ பணிபுரியும் தம்பி மருத்துவமனையுடன் தொலைபேசியில் பேசும் பொறுப்பை ஏற்கலாம். நலம் விசாரிக்கும் அழைப்புகளுக்கெல்லாம் மறுமொழி கூறும் வேலையை உறவினர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். பக்கத்து லயத்தில் உள்ளவர் புதன்கிழமை மாலை இரண்டு மணிநேரம் நோயாளியுடன் அமர்ந்திருக்கலாம். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலும் வாய்விட்டுக் கேட்கலாம். நாளும் நேரமும் சொல்லிக் கேட்கும் உதவியைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

உடலைக் காத்தல்

படுக்கையில் உள்ளவரைத் தூக்குவதில் முதுகு பழுதாவது மிகுதி. இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடித்து, அவரை நம் உடலுக்கு நெருக்கமாக அணைத்துத் தூக்க வேண்டும். உடம்பைப் புரட்டுவதற்கு அவருக்குக் கீழே விரித்த மடித்த போர்வையை இருவராகப் பிடித்து இழுப்பது எளிது. செவிலியர் வரும்போது இம்முறைகளை நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம்.

புற்றுநோய் தொற்றுநோய் அன்று. ஒன்றாக உண்பதாலோ தொடுவதாலோ அது பரவாது. ஆயினும் மருந்தேற்றிய பின் ஏறத்தாழ 48 மணிநேரம் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் கூறுகள் வெளியேறக்கூடும். அவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைத் தவிர்ப்பது நன்று.

எந்நேரமும் அஞ்சிக் கொண்டிருப்பதே பேணுபவரைப் பெரிதும் களைக்கச் செய்கிறது. எதற்கு அஞ்ச வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மற்ற நேரங்களில் அமைதியாக இருக்கலாம். மருந்தேற்றும் சிகிச்சை பெறுபவருக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சல் கண்டால் அது அவசரநிலை. வீட்டிலேயே காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். மலைப்பாதையில் இரவுப் பயணம் கடினமாதலால், அருகில் முதலில் எங்கே செல்வது, எந்த வண்டியை அழைப்பது என்பதைச் சிகிச்சை தொடங்கும்போதே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வரும் துணை

இப்பகுதி மக்களுக்கு உள்ள ஒரு பெரும் வாய்ப்பைப் பலர் பயன்படுத்துவதில்லை. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். படுக்கையில் உள்ளவர்கள் மருத்துவமனைக்கு வர இயலாமையால் பராமரிப்பே வீடு தேடிச் சென்றது. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் இதனை மக்கள் இயக்கமாக வளர்த்தனர். 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. இன்று ஊராட்சிகளின் ஆதரவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களோடு இணைந்து, செவிலியர்கள் வீடுதோறும் செல்கின்றனர். புண்ணுக்குக் கட்டிடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், படுக்கைப் புண் வராமல் காத்தல், வாய்த் தூய்மை ஆகியவற்றைச் செய்வதோடு வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்கின்றனர்.

"பாலியேட்டிவ் என்றால் கைவிட்ட நோயாளிகளுக்கு" என்று அஞ்சி இச்சேவையைத் தவிர்ப்போர் உளர். அது சரியன்று. நோய் கண்டறியப்பட்ட காலத்திலிருந்தே, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து இதனையும் பெறலாம். வலி தணிந்தால் நோயாளி உறங்குவார். அவர் உறங்கினால் பேணுபவரும் உறங்கலாம். வார்டு உறுப்பினரிடமோ ஆஷா பணியாளரிடமோ சொல்லிப் பெயரைப் பதிவு செய்தல் முதற்படி. மலையின் கீழே தேனியிலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோர், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழி வீட்டுப் பராமரிப்பு குறித்து அங்குள்ள அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மலையாளத்தில் எழுதத் தெரியாமை தடையாக வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் வழிசெய்கிறது.

பணக் கவலையைக் குறைத்தல்

பணத்தைப் பற்றிய கவலையும் உறக்கத்தைக் கெடுக்கும். முழுநேரமும் ஒருவரைப் பேணுபவர்களுக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் கேரளச் சமூகப் பாதுகாப்பு இயக்கத்தில் உள்ளது. தொகை சிறிதே எனினும், பேணுபவரின் உழைப்பை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. புதிய விண்ணப்பங்களின் நிலையை அங்கன்வாடியில் கேட்டறியலாம். மருத்துவக் காப்பீடு எந்த மாநில மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் உறுதி செய்துகொள்க. சிகிச்சைக்காக இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் மருத்துவமனைச் சான்றிதழின் பேரில் கட்டணச் சலுகை உண்டு.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நாங்கள் வலியுறுத்துபவை சில:

நோயாளி நலமாக உள்ளபோதே கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது குறித்து அவருடன் கலந்து பேசுங்கள். அவருடைய ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறர் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று.

கை நடுங்கிக் கையெழுத்து மாறினாலும் பணம் எடுக்க வழியுண்டு. வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு இடலாம். கிளைக்கு வர இயலாதவர் என்றால் கிளை மேலாளரிடம் தெரிவியுங்கள்.

70 வயதைக் கடந்தோருக்கும் மருத்துவச் சான்று பெற்ற நாள்பட்ட நோயாளிகளுக்கும் வீட்டிற்கே வந்து வங்கிச் சேவை அளிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. உங்கள் கிளையில் இதற்கான வசதியைக் கேளுங்கள்.

நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா எனப் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். வாரிசுகளின் உரிமை அதனால் மாறுவதில்லை.

நிரந்தர வைப்பை முறிக்கும் முன், அதன்மேல் கடன் பெறுவதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதற்றத்தில் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது சிகிச்சை முடிந்த பின்னும் குடும்பத்தைத் தொடரும்.

சினமும் குற்ற உணர்வும்

அன்பு மிக்க வீட்டிலும் சினம் எழும். எரிந்து விழுந்த பின் வருந்துவதும் இயல்பே. "இது எப்போது முடியும்?" என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றினாலும் அது அன்பின்மை ஆகாது, களைப்பின் குரல் அது. அதனை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும். நாளுக்கு அரைமணி நேரமேனும் நோயைப் பற்றிய பேச்சு இல்லாமல் இருக்கட்டும். சிறிது நடை, கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ சென்று வருதல், விரும்பிய பாட்டு என எதுவாயினும் அது உங்களுக்கே உரியதாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் எவரும் நோயுற்றிராவிடில், அண்டையில் அத்தகைய வீடு ஒன்று இருக்கக்கூடும். நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும்போது பேணுபவருக்கும் ஒருவேளை உணவு கொண்டு செல்லுங்கள். இரண்டு மணிநேரம் நீங்கள் அங்கே அமர்ந்து அவரை உறங்கச் சொல்லுங்கள்.